பொருள்: ரேடியேட்டர் ஃபேனைச் சோதிக்காமல் தேவையில்லாத பாகங்களை மாற்றியது குறித்து

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

உங்கள் சர்வீஸ் சென்டரில் காரை விட்டபோதே விவரமாகச் சொன்னேன். வண்டி ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. பெருங்களத்தூர் நெரிசலில் நின்றால் ஏசியில் சூடான காற்று வருகிறது, டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. அப்புறம் ஃபேன் திடீரென்று பேரிரைச்சலோடு சுற்ற, முள் இறங்கிவிடுகிறது. ஜாப் கார்டில் ஏறியதோ "ஏசி கூலிங் இல்லை" என்ற ஒரே வரி.

அதை வைத்து ஏசி கேஸ் நிரப்பினீர்கள். சரியாகவில்லை என்றதும் தெர்மோஸ்டாட்டையும் (இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கூலன்டையும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றினீர்கள். தெர்மோஸ்டாட் திறக்காமல் மூடியபடியே சிக்கியிருந்தால் ஜி.எஸ்.டி. சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போதும் இன்ஜின் சூடாகியிருக்குமே! இப்போது ஃபேன் அசெம்பிளியையே மாற்ற வேண்டும் என்று ஐந்திலக்க எஸ்டிமேட் வந்திருக்கிறது.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொன்னார். கம்ப்ரசர் ஓடியது, ஃபேன் அசையவில்லை. இன்ஜின் நன்றாகச் சூடானதும் முழு வேகத்தில் சுற்றியது. அப்படியானால் மோட்டாரில் குறையில்லை, குறைந்த வேகத்துக்கான மின்சாரம்தான் வரவில்லை என்றார். ஃபேன் கூட்டின் ஓரத்திலிருந்த, குறைந்த வேகத்துக்காக மின்சாரத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். மின் தொடர்பே இல்லை, உள்ளே கம்பிச்சுருள் கருகி அறுந்திருந்தது. சில நூறு ரூபாயில் புதிதாகப் போட்டதும் ஏசி போட்டவுடன் ஃபேன் சுற்றுகிறது, சிக்னலில் முள் நடுவிலேயே நிற்கிறது.

இந்தச் சோதனையை உங்கள் ஆட்கள் ஏன் செய்யவில்லை? அலுமினிய சிலிண்டர் ஹெட் உள்ள இன்ஜின் இது. அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும், அதற்கு அடியிலுள்ள கசிவுத் தடுப்புத் தகடான கேஸ்கெட் போகும். வெயில் காலத்தில் அந்த நிலையில்தான் வண்டியை "ரெடி" என்று திருப்பித் தந்தீர்கள்.

கேஸ், தெர்மோஸ்டாட், கூலன்ட் மூன்றுக்கும் வாங்கிய தொகையைக் கூலியோடு திருப்பித் தர வேண்டும். கழற்றிய தெர்மோஸ்டாட்டும் எனக்கு வேண்டும், கேட்டபோது தரவில்லை. 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குத் தொடுப்பேன்.

பில் நகல்களும் கருகிய ரெசிஸ்டரின் படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்