விதியை மதியால் வெல்வது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஃபார்முலா ஒன் கார் பந்தயச் சண்டை இன்னும் ஓயவில்லை போலிருக்கிறது. ரெட் புல் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் ஓட்டுவது பந்தயமே இல்லை, இடித்துத் தள்ளுவது என்று ஒருவர் எழுதுகிறார். அடுத்தவர் அதற்குப் பதில் சொல்லாமல், மெக்லாரன் அணிக் காரின் விங், அதாவது காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை, வளைந்ததே, அது மட்டும் என்ன நியாயம் என்று வேறு பக்கம் இழுக்கிறார். நடுவில் ஹாமில்டன் ரசிகர் ஒருவர் வந்து, கடைசிச் சுற்றில் பட்டம் வெர்ஸ்டாப்பனிடம் போன 2021 அபுதாபியைக் கிளறிவிட்டுப் போய்விட்டார். மூன்று பேரும் வெவ்வேறு விஷயங்களைப் பேசுவதாக நினைக்கிறார்கள். எனக்கென்னவோ மூன்றும் ஒன்றாகத்தான் படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், இடமில்லை என்று வெட்டுவதானால் கடைசிப் பத்தியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

2022 ஜெத்தா பந்தயம் நினைவிருக்கிறதா? ஃபெராரியின் லெக்லெர் முன்னால், வெர்ஸ்டாப்பன் பின்னால், முடிய இன்னும் சில சுற்றுகள்தான். கடைசி வளைவை நெருங்கும்போது இருவருமே பிரேக்கை அழுத்துகிறார்கள், யார் முதலில் போவது என்பதற்காக இல்லை, யார் இரண்டாவதாகப் போவது என்பதற்காக! டி.ஆர்.எஸ். கணக்கெடுக்கும் கோடு அங்கேதான் இருந்தது. அந்தக் கோட்டைப் பின்னால் கடப்பவருக்குத்தான் அடுத்த நேர்ச்சாலையில் பின் விங்கைத் திறந்து வேகம் கூட்டிக்கொள்ளும் சலுகை, அதுதான் டி.ஆர்.எஸ்.. அதனால் பந்திக்கு வந்த சம்பந்திகள் மாதிரி 'முதல்ல நீங்க போங்க', 'பரவாயில்ல, நீங்க போங்க' என்று மணிக்கு இருநூறு சொச்சம் கிலோமீட்டரில் மரியாதை நடந்தது. பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, இதெல்லாம் ஒரு பந்தயமா என்று தலையில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு அதில் ஒன்று புரிந்தது. விதி எந்த இடத்தில் வைத்து அளக்கிறதோ அந்த இடத்தில் மட்டும்தான் ஆட்கள் விதிப்படி நடப்பார்கள், அந்த இடத்துக்கு ஏற்ற மாதிரிதான் மற்ற எல்லாவற்றையும் வளைப்பார்கள்.

இது ஓட்டுநர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. பொறியாளர்கள் நாற்பது ஐம்பது வருஷமாகச் செய்வதுதான். 1981ல் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. சரி, எங்கே அளப்பார்கள்? கார் நிற்கும்போது, பிட்டில், அதாவது டயர் மாற்ற, பழுது பார்க்க நிறுத்தும் இடத்தில். பிரபாம் அணியின் கார்டன் மர்ரே என்ன செய்தார் தெரியுமா, வேகம் ஏற ஏற காற்றின் அழுத்தத்தில் கார் தானாகக் கீழே உட்காரும்படியும், வேகம் குறைந்து பிட்டுக்குள் வரும்போது நல்ல பிள்ளையாக மறுபடி எழுந்துகொள்ளும்படியும் சஸ்பென்ஷனைச் செய்துவிட்டார். அந்த வருஷம் அந்த அணியின் ஓட்டுநர் பிக்கே சாம்பியன். அடுத்த வருஷம் இன்னும் வேடிக்கை. பிரேக்கைக் குளிர்விக்கிறோம் என்று சொல்லி சில அணிகள் காரில் தண்ணீர்த் தொட்டி வைத்தன. பந்தயம் தொடங்கியதும் தண்ணீர் காலி, கார் எடை குறைந்து ஓடும், முடிந்ததும் எடை போடுவதற்கு முன்னால் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம், அதற்கு விதியிலேயே இடம் இருந்தது. 1982 பிரேசிலில் முதலாவதாக வந்த பிக்கேவும் இரண்டாவதாக வந்த கேகே ராஸ்பெர்கும் இதனால்தான் நீக்கப்பட்டார்கள், வெற்றி ப்ராஸ்ட்டுக்குப் போனது.

இப்போது மெக்லாரன் விங் கதைக்கு வாருங்கள். முன் விங்கின் மேல் 100 கிலோ அளவுக்குப் பாரம் ஏற்றினால் 15 மில்லிமீட்டருக்கு மேல் வளையக்கூடாது என்பது சோதனை. 2025 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து அதை 10 மில்லிமீட்டராக இறுக்கினார்கள். மெக்லாரன் அத்தோடு காலி என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பந்தயத்திலேயே மெக்லாரனின் பியாஸ்ட்ரி முதலிடம், நாரிஸ் இரண்டாமிடம். வளைந்தது மோசடி என்றால், சோதனையில் தேறிய விங்கை மோசடி என்று எந்தக் கணக்கில் சொல்வது? 2026 எஞ்சின்களுக்கு அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை எத்தனை மடங்கு அழுத்தலாம் என்ற கணக்கு, 16:1-ஐத் தாண்டக்கூடாது என்று எழுதினார்கள், கூடவே எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளப்போம் என்றும் எழுதினார்கள். சூடானால் உலோகம் விரியுமே, அப்போது என்ன என்ற சண்டை, அந்த எஞ்சினோடு ஒரு பந்தயம்கூட நடப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. இவர்கள் தடுக்குக்கு அடியில் நுழைந்தால் அவர்கள் கோலத்துக்கு அடியில் நுழைகிறார்கள். இதில் கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை, ரசிக்கத்தான் தோன்றுகிறது.

அப்புறம் ஏன் ஓட்டுநர் செய்தால் மட்டும் பொங்குகிறோம்? வளைவில் பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு கார்களில் யாருக்கு இடம் விட வேண்டும் என்பதற்கு பந்தயத்தை ஆளும் அமைப்பான எஃப்.ஐ.ஏ., ஸ்டீவர்டுகளுக்கு, அதாவது தண்டனை கொடுக்கும் நடுவர்களுக்கு, ஒரு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, 2025 ஜூனில் அதைப் பொதுவில் வெளியிட்டும் விட்டார்கள். உள்பக்கமாக முந்துபவரின் முன் அச்சு, வளைவின் உள்முனையை, அதாவது அபெக்ஸை, அடையும்போது மற்ற காரின் பக்கக் கண்ணாடி அளவுக்காவது வந்திருக்க வேண்டும். வெளிப்பக்கமாக முந்துபவருக்கு இன்னும் கடினம், அவருடைய முன் அச்சு அபெக்ஸில் மற்றவரின் முன் அச்சைத் தாண்டியிருக்க வேண்டும். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளக்கும் இடம் எது? அபெக்ஸ். அப்போது உள்பக்கம் தற்காத்துக்கொள்கிறவர் என்ன செய்வார்? பிரேக்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அபெக்ஸுக்கு முதலில் போய்ச் சேருவார். அதற்கப்புறம் வளைவை முடிக்க முடியுமா என்பது வேறு கதை. 2024 ஆஸ்டினில் இதுதான் நடந்தது. நாரிஸ் வெளிப்பக்கம் வருகிறார், வெர்ஸ்டாப்பன் அபெக்ஸை முதலில் தொடுகிறார், தொட்ட வேகத்தில் இருவருமே ட்ராக்கை விட்டு வெளியே போகிறார்கள், நாரிஸ் முந்திவிடுகிறார். ட்ராக்குக்கு வெளியே போய் முந்தியதற்காகத் தண்டனை நாரிஸுக்கு, அவருடைய பந்தய நேரத்தோடு 5 நொடி கூட்டினார்கள், மூன்றாமிடம் நான்காமிடம் ஆனது. ஒரு வாரம் கழித்து மெக்சிகோவில் வெர்ஸ்டாப்பன் அதே மாதிரி ஓட்ட, அங்கே அவருக்கு இரண்டு தடவை பத்துப் பத்து, மொத்தம் 20 நொடி. ஆள் ஒருவர்தான், பாணியும் ஒன்றுதான், ஏழு நாள் இடைவெளி. ரசிகர்கள் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

நான் வெர்ஸ்டாப்பன் ரசிகன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்டினில் நடந்ததைப் பார்த்து எனக்கும் எரிச்சல்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் செய்ததும் 1981ல் மர்ரே செய்ததும் ஒன்றுதான். இரண்டு பேரும் விதியை எழுதியவரைவிடக் கவனமாகப் படித்திருக்கிறார்கள். 1978ல் இதே மர்ரே காரின் பின்னால் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, இது எஞ்சினைக் குளிர்விக்க என்று சொன்னார், அது காருக்கு அடியில் இருந்த காற்றை உறிஞ்சிக் காரைத் தரையோடு ஒட்டவைத்தது, நிக்கி லாவ்டா ஸ்வீடனில் அரை நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரே பந்தயம்தான், அப்புறம் அந்தக் கார் வரவில்லை. இன்றைக்கு அதை மேதைமை என்கிறோம். பொறியாளர் உடைத்தால் மண்குடம், ஓட்டுநர் உடைத்தால் பொன்குடம்.

இதற்கு ஒரு பதில் வரும், தெரியும். விங் வளைந்தால் யாருக்கும் அடிபடாது, கார் மேல் கார் வந்தால் உயிர் போகும் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் நான் வேறு இடத்தில் கோடு போடுகிறேன். வேண்டுமென்றே மோதுவது தந்திரம் இல்லை. 1990 சுஸுகாவின் முதல் வளைவில் சென்னா ப்ராஸ்ட்டை இடித்துத் தள்ளிச் சாம்பியன் ஆனார், அடுத்த வருஷம் அது தெரிந்தே செய்ததுதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். 1997 ஹெரெஸில் ஷூமாக்கர் வில்நவ் மேல் திருப்பினார், அவரை அந்த வருஷச் சாம்பியன்ஷிப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2025 பார்சிலோனாவில் வெர்ஸ்டாப்பன் ரஸ்ஸலுக்கு வழிவிடுவது போல் வேகம் குறைத்துவிட்டு இடித்ததும் அந்த வகைதான். அதற்குக் கிடைத்த 10 நொடி அவரை ஐந்தாமிடத்திலிருந்து பத்தாமிடத்துக்குத் தள்ளியது, மூன்று தண்டனைப் புள்ளிகளும் விழுந்தன, செய்தது சரியில்லை என்று அவரும் சொல்லிவிட்டார். இந்த மாதிரிக் கோபத்தையும் ஆஸ்டின் மாதிரிக் கணக்கையும் ஒரே தட்டில் வைப்பதால்தான் விவாதம் உருப்படாமல் போகிறது.

நொடிக் கணக்கிலான தண்டனையிலும் இதே கோளாறு. பத்து நொடி என்று எழுதிவிட்டால் அது தண்டனையாக இருக்காது, விலையாகிவிடும். கட்டுப்படியானால் வாங்குவார்கள். 2024 ஜெத்தாவில் மாக்னுசனுக்கு இரண்டு பத்து நொடி தண்டனை, புள்ளி வாங்கும் வாய்ப்பு போய்விட்டது. அவர் அதற்கப்புறம் பின்னால் வந்த கார்களையெல்லாம் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார், அந்த இடைவெளியில் அவருடைய அணிக்காரர் ஹுல்கன்பெர்க் டயர் மாற்றிக்கொண்டு வந்து பத்தாமிடத்தில் முடித்தார். ஹாஸ் அணிக்கு ஒரு புள்ளி. அணிக்கு லாபமாக முடிந்த தண்டனையை எப்படித் தண்டனை என்று சொல்வது? ஆனால் அதே வருஷம் மாக்னுசனின் தண்டனைப் புள்ளிகள் இத்தாலியின் மான்சாவில் 12 ஆகி, ஒரு பந்தயத்துக்குத் தடை வந்து உட்கார்ந்தார். அது வலித்திருக்கும்.

விதியை இன்னும் இறுக்கு, இன்னும் பத்து பக்கம் எழுது என்பவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை. எழுத எழுத அளக்கும் இடங்கள் கூடும், அவ்வளவுதான். 2023 ஆஸ்திரியாவில் வெள்ளைக் கோட்டைத் தாண்டினார்களா என்று 1,200க்கும் மேற்பட்ட சம்பவங்களைப் பார்க்க வேண்டியிருந்தது, பந்தயம் முடிந்து பல மணி நேரம் கழித்துத்தான் முடிவு தெரிந்தது. அடுத்த வருஷம் கடைசி இரண்டு வளைவுகளின் ஓரத்தில் ஒரு பட்டை அளவுக்குச் சரளைக் கல்லைக் கொட்டினார்கள். கோடு தாண்டுவது கிட்டத்தட்ட நின்றுபோனது. கல் யாரையும் விசாரணைக்குக் கூப்பிடுவதில்லை, அபெக்ஸில் யாருடைய கண்ணாடி எங்கே இருந்தது என்று கேட்பதில்லை, தாண்டினால் நேரம் போகும், டயர் கெடும். ஆஸ்டினின் அந்தப் பன்னிரண்டாவது வளைவுக்கு வெளியே தார் இல்லாமல் சரளை இருந்திருந்தால் வெர்ஸ்டாப்பன் பிரேக்கை விட்டிருப்பாரா? நாரிஸ்தான் அங்கே வெளிப்பக்கம் போயிருப்பாரா? தார்த் தரைக்கும் காரணம் இருக்கிறது, தடம் தவறிய கார் கல்லில் வழுக்கிக்கொண்டு போகும், தாரில் பிரேக் பிடித்துச் சீக்கிரம் வேகம் குறைக்கலாம். அதனால் எல்லா வளைவிலும் கொட்டச் சொல்லவில்லை, ஓரமாக இரண்டு மீட்டர் பட்டை போதும் என்பது என் எண்ணம்.

கருவியால் அளக்கும் விதிகளில் இந்தக் கூச்சல் குறைவு என்பதைக் கவனித்தீர்களா? 2024 பெல்ஜியத்தில் ரஸ்ஸல் ஜெயித்த கார் குறைந்தபட்ச எடையான 798 கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ குறைவு, வெற்றி போனது, ஹாமில்டனுக்குக் கிடைத்தது. 2025 லாஸ் வேகஸில் இரண்டு மெக்லாரன்களின் அடிப்பலகையும், அதாவது கார் அளவுக்கு மீறித் தாழ்ந்து ஓடுகிறதா என்று பார்க்க அடியில் பொருத்தும் பலகையும், அனுமதித்த 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தது, இரண்டாமிடமும் நான்காமிடமும் பறிபோயின. வேண்டுமென்று செய்ததில்லை என்று ஸ்டீவர்டுகளே எழுதினார்கள், ஆனாலும் நீக்கினார்கள். நாரிஸ் கடைசியில் இரண்டே புள்ளியில் சாம்பியன் ஆனார், அந்த அடிப்பலகை அவர் பட்டத்தையே தின்றிருக்கும். அப்படியிருந்தும் மெக்லாரன் ரசிகர்கள் வருத்தப்பட்டார்களே தவிர ஸ்டீவர்டுகளைத் திட்டியதை நான் அதிகம் பார்க்கவில்லை.

அபுதாபி நண்பருக்கு ஒரே ஒரு விஷயம். அந்தச் சண்டையே ஒரு சொல்லில் தொங்கியது. சுற்றில் பின்தங்கிய கார்களில் 'எவையேனும்' சேஃப்டி காரை, அதாவது விபத்து நடந்தால் எல்லோரையும் மெதுவாக்க முன்னால் ஓடும் காரை, தாண்டலாம் என்ற பொருளில் விதி இருந்தது, அதை வைத்துக்கொண்டுதான் ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவில் இருந்த ஐந்தை மட்டும் அனுப்பினார்கள். 2022ல் அந்தச் சொல்லை 'எல்லா' என்று மாற்றிவிட்டார்கள். அங்கேயும் யாரோ விதியைத் தனக்கு வேண்டிய மாதிரி படித்தார்கள், இந்தத் தடவை படித்தது ஓட்டுநரோ பொறியாளரோ இல்லை, பந்தயத்தை நடத்தியவர்.

அதற்காக எழுத்தைப் பிடித்துத் தொங்கினால் போதும் என்றும் சொல்லமாட்டேன். 2005 இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர்கள் அந்த வேக வளைவைத் தாங்காது என்று தெரிந்தபின்பும் விதியில் ஒரு துளி விட்டுக்கொடுக்கவில்லை, மிஷெலின் டயர் போட்ட அணிகள் விலகிவிட, ஆறு கார்கள் மட்டும் ஓடின. நம்ம நாராயண் கார்த்திகேயனுக்கு நான்காமிடம் கிடைத்தது அன்றைக்குத்தான். சந்தோஷம்தான், ஆனால் பார்க்க வந்த கூட்டம் பாட்டில்களை எறிந்ததையும் மறக்கவில்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் 'இன்னாருக்கு 10 நொடி அபராதம்' என்று மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறீர்கள், கீழே நாங்கள் வாரக்கணக்கில் கற்பனையில் சண்டை போடுகிறோம். ஸ்டீவர்டுகளின் முடிவு அன்றைக்கே காரணத்தோடு வெளியாகிறது, பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்த விதி, யாருடைய அச்சு எங்கே இருந்தது என்பதை மூன்று வரியில் தமிழில் சேர்த்துப் போடுங்கள். 2026ல் டி.ஆர்.எஸ். போய், முன்னால் போகும் காருக்கு ஒரு நொடிக்குள் வருபவருக்குக் கூடுதல் மின்சக்தி என்று புது ஏற்பாடு வந்திருக்கிறது. அந்த ஒரு நொடியையும் எங்கேயோ ஒரு கோட்டில் வைத்துத்தானே அளக்கிறார்கள், அந்தக் கோடு எங்கே என்று ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டினால் போதும், எங்கே பிரேக் அடிப்பார்கள் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்