பழவேற்காட்டுக்கு அன்னம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழவேற்காடு ஏரியில் நாலு ஜோடி அன்னம் வாங்கி விட்டால் சூலூர்ப்பேட்டைப் பக்கம் சுற்றுலா களைகட்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த ஆசை அமெரிக்கர்களுக்கும் வந்தது, அதில் அவர்கள் பட்ட பாட்டைக் கொஞ்சம் சொல்கிறேன்.

காலண்டரில் பார்க்கிறோமே, ஆரஞ்சு அலகும் அதன் மேல் கறுப்புக் குமிழுமாக, அந்த வெள்ளை அன்னத்துக்கு இங்கிலாந்தில் ராஜமரியாதை. ஒரு காலத்தில் விருந்தில் சமைத்துத் தின்றார்கள், எது யாருடையது என்று தெரிய அலகில் வெட்டி அடையாளம் போட்டார்கள், இன்றும் ஜூலையில் தேம்ஸ் ஆற்றில் படகில் போய்ப் பிடித்துக் கணக்கெடுத்துவிட்டுத் திரும்ப விடுகிறார்கள். அங்கே அது மண்ணின் பறவை, சரி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பங்களாக் குளங்களுக்கு அழகு சேர்க்க அமெரிக்காவுக்குக் கொண்டு போனதில்தான் வம்பு ஆரம்பித்தது. மேரிலாந்தில் 1962-ல் ஐந்தே ஐந்து தப்பித்து செசபீக் விரிகுடாவில் இறங்கின. 1999-ல் ஏறக்குறைய 4,000! ஒரு பறவை நாளுக்கு மூன்றரைக் கிலோ நீர்ப்புல் தின்னும், அதுவும் அந்த நீளக் கழுத்தைத் தண்ணீருக்குள் விட்டு வேரோடு பிடுங்கி. நண்டுக்குஞ்சு ஒளிந்து வளர்வதே அந்தப் புல்லுக்குள்தான். கரையில் கூடு வைத்த ஆலா என்கிற கடற்பறவைகளின் முட்டைகளையும் மிதித்து நாசம் செய்தன. அரசு குறைக்கப் பார்த்தால் வழக்கு, நீதிமன்றம். கடைசியில் 2004-ல் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தையே திருத்திவிட்டுச் சுட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் 2014-ல் இதே பேச்சு எழுந்தபோது ஜனங்கள் கொதித்துப்போய்த் தடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவ்வளவு அழகான பறவையைச் சுட யாருக்கு மனசு வரும்? அதனால்தான் விடுவதற்கு முன்பே யோசிக்கச் சொல்கிறேன்.

உப்பு கலந்த தண்ணீரில் பெருகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், செசபீக்கும் நம் ஏரி மாதிரி கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கிற இடம்தான். இறாலையும் நண்டையும் நம்பி எத்தனை குப்பங்கள் இங்கே இருக்கின்றன! விறகுக்கும் வேலிக்கும் என்று யாரோ கொண்டுவந்த வேலிகாத்தானை, அதாவது சீமைக் கருவேலத்தை, எங்கள் ஆரம்பாக்கம் பக்கம் இன்றைக்கும் வெட்டி மாளவில்லை.

அப்புறம், நமக்குப் பறவைக்கா பஞ்சம்? தை மாதம் ஸ்ரீஹரிகோட்டா சாலையில் வண்டியை ஓரங்கட்டிப் பாருங்கள், பூநாரைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலகால் வடிகட்டிக்கொண்டு கூட்டமாக நகரும். பக்கத்து நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா மரம் நிறையக் கூடு கட்டியிருக்கும். அதைப் பார்க்க வருகிற குடும்பங்களுக்கு நிழலும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். அன்னத்துக்குச் செலவழிக்க நினைக்கிற பணத்தை அதில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆரம்பாக்கம் வாசகர்