சாவுக்குக் காரணமான பொருள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. கட்டுப் பிரித்த கையோடு நீ எடுத்தது பழைய ஆங்கிலச் சட்ட நூல் என்பதில் வியப்பில்லை. அதில் உன்னை இடறிய ‘டியோடண்ட்’ என்ற சொல் எனக்கும் பழக்கமானதே.

‘கடவுளுக்குத் தரவேண்டியது’ என்ற இலத்தீன் தொடரிலிருந்து வந்த சொல் அது. இங்கிலாந்தில் ஒருவர் விபத்தில் இறந்தால், சாவுக்குக் காரணமானது வண்டியானாலும் காளையானாலும் அரசனுக்குப் பறிமுதலாகும். அதன் மதிப்பு தருமத்துக்குப் போகவேண்டும் என்பது பழைய ஏற்பாடு. நாளடைவில் அந்த உரிமையைப் பல இடங்களில் நிலப்பிரபுக்களே பெற்றுக்கொண்டார்கள். தருமம் ஏட்டளவில் நின்றது. பொருளை இழுத்துச் செல்வதற்குப் பதிலாக, சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரியான கரோனரின் விசாரணையில் அமர்ந்த ஜூரிகள் ஒரு தொகையைக் குறிக்க, உடையவர் அதைக் கட்டினார். இதிலும் நுணுக்கம் பார்த்தார்கள் என்பதற்கு பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் தரும் உதாரணம் சுவையானது: நின்றுகொண்டிருந்த வண்டியில் சக்கரத்தின் வழியாக ஏற முயன்று விழுந்து செத்தால் சக்கரம் மட்டும் பறிமுதல், ஓடும் வண்டி ஏறிச் செத்தால் வண்டியும் அதிலுள்ள சுமையும் சேர்த்துப் பறிமுதல்.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவரின் மரணத்துக்காக அவர் குடும்பம் நட்டஈடு கேட்க நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த அன்றைய ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் இடமே இல்லை; கையை ஒடித்தவன் மீது வழக்குப் போடலாம், ஆளையே கொன்றுவிட்டால் முடியாது. பெரும்பாலும் சிறு தொகைகளையே குறித்துவந்த ஜூரிகள், ரயில் வந்த பிறகு கோபத்தைக் காட்டக் கையிலெடுத்தது இந்தத் துருப்பிடித்த ஆயுதத்தைத்தான். 1841 டிசம்பர் 24 அன்று, ரெடிங்குக்கு அருகே சோனிங் என்ற இடத்தில், மழையில் சரிந்து தண்டவாளத்தை மூடியிருந்த மண்ணில் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் சரக்கு ரயில் மோதியது. மூன்றாம் வகுப்புப் பயணிகள் ஏறியிருந்த கூரையில்லாத பெட்டிகளை எஞ்சினுக்கும் சரக்குப் பெட்டிகளுக்கும் நடுவே கோத்திருந்ததால், பின்னாலிருந்த பாரம் முழுவதும் அவர்கள் மீது நெருக்கியது. இறந்தவர்கள் ஒன்பது பேர். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலை செய்த கல்தச்சர்கள் பலர் கிறிஸ்துமஸுக்காக அந்த ரயிலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஜூரிகள் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்குமாகக் குறித்த டியோடண்ட் 1,000 பவுன். அதிலும் ஒரு காசுகூடக் குடும்பங்களுக்கு உரியதல்ல என்பதுதான் கொடுமை.

1846இல் கேம்பல் பிரபுவின் முயற்சியால், இறந்தவரின் குடும்பம் நட்டஈடு கோரலாம் என்று ஒரு சட்டமும், டியோடண்டை ஒழிக்கும் சட்டமும் ஒருசேர வந்தன. முன்னதில் கம்பெனியின் கவனக்குறைவைக் குடும்பமே மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், கம்பெனிகளுக்கும் இது ஆதாயமான பண்டமாற்று என்றே நினைக்கிறேன்.

சொல் மடிந்தாலும், பொருளைக் குற்றவாளியாக்கும் எண்ணம் மடியவில்லை. புவெர்ட்டோ ரிக்கோவில் வாடகைக்கு விட்ட ஓர் உல்லாசப் படகில் கஞ்சா கிடைத்ததற்காக, அதைப் பற்றி ஏதும் அறியாத உரிமையாளர் கம்பெனி படகையே இழந்தது. அது செல்லும் என்று 1974இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்சநீதிமன்றம், பறிமுதலின் வரலாற்றை டியோடண்டிலிருந்தே சொல்லத் தொடங்குகிறது. தீர்ப்பின் படியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீதிபதி டக்ளஸின் மாறுபட்ட தீர்ப்பை முதலில் படி. நீ அவர் பக்கமே சாய்வாய் என்பது என் கணிப்பு.

அன்புடன்,
வேலாயுதம்