விண்டோஸை அழிக்கும் முன்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கணினி தொடங்குவதற்கே நெடுநேரம் எடுக்கிறது என்றும், வேலையின் நடுவே உறைந்து நிற்கிறது என்றும், அண்மையில் நீலத்திரை (பெரும்பிழையால் விண்டோஸ் நிற்கும்போது வரும் திரை) காட்டித் தானாகவே அணைந்து எழுகிறது என்றும் எழுதியிருந்தாய். வரும் விடுமுறையில் விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவப் போவதாகவும் சொல்லியிருந்தாய். அந்த முடிவைச் சில நாட்கள் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மறுபடி நிறுவினால் கணினி சரியாகிவிடக்கூடும். ஆனால் அது எதனால் கெட்டது என்பதற்கான தடயங்கள் அத்தனையும் அதோடு அழிந்துபோகும். கோளாறு வட்டிலோ ரேமிலோ (தற்காலிக நினைவகத்திலோ) இருக்குமானால், புதிய விண்டோஸும் கொஞ்ச நாளில் அதே நிலைக்கு வந்து நிற்கும். அப்போது துப்புத் துலக்க நம் கையில் ஒன்றும் இருக்காது. நீ சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றாகவும் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். அதை அளந்துதான் அறிய முடியும்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் உன் கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, அந்த வட்டைக் கழற்றித் தனியே வைத்துவிடு. முழு வட்டையும் படித்துப் பார்க்கும் சோதனைகள் அதற்குக் கடும் உழைப்பைக் கொடுப்பவை. பழுதாகிக்கொண்டிருக்கும் வட்டு அந்த உழைப்பிலேயே முற்றிலும் நின்றுபோவதுண்டு. படியெடுத்த கோப்புகளில் சிலவற்றைத் திறந்தும் பார். வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவை, ஏனென்றால் பழுதுபார்க்கும் வழிகளுக்குள் நுழையும்போது அதைக் கேட்கக்கூடும்.

அடுத்ததாக, எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யு. (பிராசஸர்) பகுதியில் உள்ள 'அப் டைம்' என்ற எண்ணை, அதாவது இயங்குதளம் தொடர்ந்து ஓடிய நேரத்தைப் பார். நீ தினமும் இரவில் கணினியை அணைப்பவள்தான். ஆயினும் அந்த எண் பல நாட்களைக் காட்டினால் வியப்படையாதே. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அது செயல்பாட்டில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது உன் நிரல்கள் மூடப்படுகின்றன. ஆனால் இயங்குதளத்தின் கருப்பகுதியும் டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் சிறு நிரல்களும்) இருக்கும் நிலையிலேயே வட்டில் எழுதப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகின்றன. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து ஏற்றப்படும். நெடுநாள் அணையாமல் ஓடும் இயங்குதளத்தில் மட்டும் தலைகாட்டும் பிழைகள் பழங்காலத்திலிருந்தே உண்டு: விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் மில்லிவிநாடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி 49.7 நாட்களில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும்போது கணினியே உறைந்துபோகும் பிழை இருந்தது. ஆகவே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, குறைகள் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகின்றன என்று குறித்துக்கொள்.

இனி மந்தத்துக்கு வருகிறேன். டாஸ்க் மேனேஜரைக் கணினி நன்றாக ஓடும் நேரத்தில் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. அது உறைந்து நிற்கும் அந்தக் கணத்தில் பார்க்க வேண்டும். எனவே வேலை செய்யும்போது அதைத் திறந்தே வைத்திரு. பிராசஸர், ரேம், வட்டு ஆகிய மூன்றில் எது உச்சத்தில் நிற்கிறது என்பதே முதல் கேள்வி. பிராசஸர் கணக்கு சற்று ஏமாற்றும். எட்டு லாஜிக்கல் பிராசஸர்கள் (விண்டோஸ் தனித்தனியே எண்ணும் வேலைத் தடங்கள்) உள்ள கணினியில், ஒரே ஒரு இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு தடத்தில் மட்டும் ஓடும் நிரல் தனக்குக் கிடைப்பதை முழுவதும் எடுத்துக்கொண்டாலும், மொத்தக் கணக்கில் அது ஏறத்தாழ 12.5 சதவீதம்தான். 'பிராசஸர் சும்மாதானே இருக்கிறது' என்று தோன்றும். உண்மையில் அந்த நிரல் அதற்கு மேல் ஓட வழியில்லாமல் இருக்கும். வரைபடத்தின் மீது வலது கிளிக் செய்து லாஜிக்கல் பிராசஸர்களைத் தனித்தனியே காட்டச் சொன்னால் இது கொஞ்சம் தெளிவாகும்.

வட்டுதான் நான் முதலில் சந்தேகிக்கும் இடம். உன்னுடையது சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினி. வட்டு 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டே, படிக்கும் வேகம் விநாடிக்கு ஒரு மெகாபைட்டைக்கூட எட்டாமல் இருப்பதை நீ காணக்கூடும். இது முரண்பாடு போலத் தெரியும். கணக்குப் போட்டால் விளங்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவிநாடி எடுக்கிறது. வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். முனை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக இன்னும் 8 அல்லது 9 மில்லிவிநாடி ஆகும். ஆக, சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை விநாடிக்குச் சுமார் 80 முறைதான் எடுக்க முடியும். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் விநாடிக்கு வெறும் 320 கிலோபைட். விண்டோஸ் தொடங்கும்போதும், அப்டேட் இறங்கும்போதும், ஆன்டிவைரஸ் அலசும்போதும் நடப்பது பெரும்பாலும் இத்தகைய சிதறிய படிப்புத்தான். எஸ்.எஸ்.டி. என்ற சில்லு வட்டில் முனையும் இல்லை, சுழற்சியும் இல்லை. அதனால் இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அது செய்கிறது. குற்றவாளி எந்த நிரல் என்று அறிய விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரின் வட்டுப் பக்கத்தைப் பார். எந்தக் கோப்பை எது படிக்கிறது என்பதுவரை அது காட்டும்.

ரேம் நிறைந்திருப்பது மட்டும் குறையாகாது. சும்மா கிடக்கும் ரேமை அண்மையில் படித்த கோப்புகளின் நகல்களால் நிரப்பி வைப்பது இயங்குதளத்தின் நல்ல பழக்கம். தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' என்ற எண், நீ ஒன்றும் புதிதாகத் திறக்காதபோதும் விடாமல் உயர்ந்து நின்றால்தான், ரேமில் இடமில்லாமல் வட்டுக்கும் ரேமுக்கும் இடையே பக்கங்கள் (நினைவகத்தின் சிறு துண்டுகள்) அலைகின்றன என்று பொருள். மெதுவான வட்டோடு இதுவும் சேர்ந்தால் கணினி உறைந்ததைப் போலவே இருக்கும். ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் நிரல்களைத் தயவுசெய்து நிறுவாதே. அவை பயன்படும் பக்கங்களையே வெளியே தள்ளுகின்றன. சிறிது நேரத்தில் அந்தப் பக்கங்கள் வட்டிலிருந்து திரும்பப் படிக்கப்பட வேண்டியிருக்கும். விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்களுக்கும் இடம் கொடுக்காதே.

வெப்பத்தையும் பார்த்துவிடு. கடும் வேலை நடக்கும்போது பிராசஸரின் வேகம் அதன் அடிப்படை வேகத்துக்குக் கீழே இறங்கினால், அது சூட்டினாலோ மின்சக்தி வரம்பினாலோ தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. இன்டெல் பிராசஸர்கள் பலவற்றில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ் அருகில் இருக்கிறது. உன்னுடையது லேப்டாப் என்பதால் காற்று போகும் வழிகளைத் தூசு தட்டு. பேட்டரியில் அல்லாமல், அதற்குரிய சார்ஜரை இணைத்துச் சோதித்துப் பார், ஏனென்றால் போதிய வாட் தராத சார்ஜரைக் கண்டால் சில லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன.

வேகத்தை எண்ணாக்கும் சோதனைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் பிறருடைய எண்களோடு உன் எண்ணை ஒப்பிட்டு மனம் கலங்காதே. உன் கணினியின் இன்றைய எண்ணை அதன் நேற்றைய எண்ணோடு ஒப்பிடுவதில்தான் பயன் இருக்கிறது. தொடங்கி ஒரு கால் மணி நேரம் பொறு, அப்டேட்டும் ஆன்டிவைரஸும் ஓய்ந்த பிறகு, சார்ஜரோடு, ஒரே சோதனையை மூன்று முறை செய்து நடு எண்ணை எடுத்துக்கொள். கோப்பு ஒன்றை இரண்டாம் முறை திறக்கும்போது அது ரேமில் உள்ள நகலிலிருந்தே வரக்கூடும். எனவே முதல் தடவைக்கும் அடுத்த தடவைகளுக்கும் உள்ள வேறுபாடே ஒரு செய்திதான். ஆயத்தச் சோதனை நிரல்களைவிட, கடிகாரத்தை வைத்து நீயே எடுக்கும் அளவுகளை நான் அதிகம் மதிக்கிறேன்: ஆற்றல் பொத்தானை அழுத்தியதிலிருந்து பிரவுசர் திறக்கும்வரை எவ்வளவு, உன் மிகப் பெரிய கோப்பு திறக்க எவ்வளவு என்று ஒரு குறிப்பேட்டில் தேதியோடு எழுது. விண்டோஸ் விஸ்டா கணினிக்கு 1.0 முதல் 5.9 வரை ஒரு மதிப்பெண் தந்தது. விண்டோஸ் 7-இல் உச்சம் 7.9 ஆனது. அந்த மொத்த மதிப்பெண் பகுதி மதிப்பெண்களின் சராசரி அன்று, அவற்றுள் மிகக் குறைந்ததுதான் மொத்தமாகக் காட்டப்பட்டது. விண்டோஸ் 8.1-இல் அந்தத் திரையை நீக்கிவிட்டார்கள் என்றாலும் அந்த எண்ணம் மிகச் சரியானது என்றே நான் கருதுகிறேன். உன் கணினியிலும் எல்லாவற்றையும் காக்கவைக்கும் அந்த ஒன்றைத்தான் தேடுகிறோம்.

நீலத்திரைக்கு ரிலையபிலிட்டி மானிட்டரிலிருந்து தொடங்கு. தொடக்கப் பட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் வரும். விண்டோஸில் உள்ள கருவிகளுள் இவ்வளவு பயனுள்ளதும் இவ்வளவு கவனிக்கப்படாததும் வேறில்லை என்பது என் எண்ணம். எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எந்த நாளில் எது விழுந்தது என்பதை ஒரே வரைபடத்தில் அடுக்கிக் காட்டும். முதல் நீலத்திரைக்குச் சற்று முன்பு ஒரு டிரைவர் அப்டேட் ஆகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவெண்ட் வியூவருக்குப் போகலாம். அங்கே சிவப்புக் குறிகளைக் கண்டு பயப்படாதே. நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அவை இருக்கும். 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று தொலைபேசியில் அழைத்து ஏமாற்றுபவர்கள் இந்தப் பக்கத்தைத்தான் திறக்கச் சொல்லி மிரட்டுகிறார்கள், யாருக்கும் உன் திரையைத் திறந்துவிடாதே, அம்மா. கெர்னல்-பவர் 41 என்ற பதிவு, கணினி முறையாக அணையாமல் எழுந்தது என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதற்கு முந்தைய நிமிடங்களில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்ணுடன் பதிவுகள் இருக்கின்றனவா என்று பார். முன்னது வட்டில் கெட்ட பகுதி இருப்பதையும், பின்னது படிப்போ எழுத்தோ ஒரே முறையில் முடியாமல் மறுபடி முயலப்பட்டதையும் குறிக்கும்.

வட்டின் உடல்நிலையை அதுவே எழுதிவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரலால் படிக்கலாம். வட்டின் கெட்ட பகுதிகளை எண்ணும் 5, 197, 198 ஆகிய எண்களுக்குரிய மூல மதிப்பு பூஜ்யத்துக்கு மேலே இருந்து, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வளர்ந்தால், அந்த வட்டை இனி நம்ப முடியாது. அதே சமயம், அட்டவணை சுத்தமாக இருப்பதை நலச் சான்றாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவுகளில் எந்த முன்னறிவிப்பும் தந்திருக்கவில்லை. ரேமுக்கு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலை யு.எஸ்.பி.யிலிருந்து ஓடவிட்டு ஓர் இரவு விட்டுவிடு. அங்கே ஒரே ஒரு பிழை வந்தாலும் அது அதிகம்தான்.

இவை எதிலும் குறை தென்படாவிட்டால்தான் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் தெரிவுகளின் வழியே சேஃப் மோடுக்குப் போ. அங்கே அடிப்படை டிரைவர்களும் சேவைகளும் மட்டுமே ஏற்றப்படும். அங்கே கணினி சீராக ஓடினால், விடுபட்டுப்போன ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான கோப்பு ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் வீழ்ந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அவற்றுள் பலவற்றை எழுப்பிய வழியும் சேஃப் மோடுக்குள் நுழைந்து அந்த ஒரு கோப்பை நீக்கியதுதான். எல்லாவற்றையும் அழித்துப் போட வேண்டியிருக்கவில்லை. தொடக்கத்தில் ஏறும் நிரல்களில் குற்றவாளியைக் கண்டறிய, பாதியை நிறுத்தி ரீஸ்டார்ட் செய். குறை நீடித்தால் மிச்சப் பாதியில் தேடு. 16 நிரல்கள் இருந்தாலும் நான்கே சுற்றில் ஒன்றுக்கு வந்துவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யாதே. டிரைவரையும் மாற்றி, ஆன்டிவைரஸையும் நீக்கி, ரேமையும் கழற்றி மாட்டிய பிறகு கணினி சரியானால், எது சரி செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. டிஸ்ம், எஸ்.எஃப்.சி. கட்டளைகளை அந்த வரிசையில் ஓட்டலாம். அவை சிதைந்த கணினிக் கோப்புகளைச் சரிசெய்யும், வேகத்தைக் கூட்டமாட்டா.

இவ்வளவுக்குப் பிறகும் மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம். உன்னிடம் இருப்பது விண்டோஸ் 10 என்றால் அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 (கணினியில் உள்ள பாதுகாப்புச் சில்லு) வேண்டும் என்பதால் பழைய கணினியில் அது ஏறுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரிலையபிலிட்டி மானிட்டரின் பக்கத்தையும், ஸ்மார்ட் அட்டவணையையும், உறைந்து நிற்கும் நேரத்து டாஸ்க் மேனேஜரையும் படம் பிடித்து எனக்கு அனுப்பு. வட்டில் குறை தெரிந்தால் விண்டோஸை அந்த வட்டில் நிறுவ வேண்டாம், எஸ்.எஸ்.டி. ஒன்றை மாற்றி அதிலேயே நிறுவலாம். எப்படி நிறுவினாலும், வேறெந்த நிரலையும் ஏற்றுவதற்கு முன்பு அதே அளவுகளை மறுபடி எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவை. படங்கள் வந்ததும் இருவரும் பேசி முடிவு செய்வோம்.

அன்புடன்,
அப்பா