பியானோ கூப்பிட, ‘ஆமென்’ என்கிறது குழு

ஆசிரியருக்கு,

ஹார்ட் பாப் (hard bop) என்ற, தேவாலயப் பாடலும் ப்ளூஸும் கலந்த ஜாஸ் வகையின் கலைஞர்கள் பற்றி உங்கள் இசைப் பக்கத்தில் எழுத வேண்டும். டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுன் 1956-இல் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 25தான். அவர் நினைவாக பென்னி கோல்சன் ஒரு மெட்டு அமைத்தார். மறு வருடமே அதை டிரம்பெட்டில் வாசித்துப் பதிவு செய்த லீ மார்கனுக்கு வயது 18. கூடவே சாக்ஸஃபோன் வாசித்தவர் கோல்சன்! அப்புறம் 1958-இல் இருவரும் டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் இருந்தார்கள். அங்கே பியானோ கலைஞர் பாபி டிம்மன்ஸ் அமைத்த ‘மோனின்’ பதிவைக் கேளுங்கள். பியானோ தேவாலயப் போதகர் போலக் கூப்பிட, மற்றவர்கள் ‘ஆமென்’ என்பதுபோல இரண்டே தட்டில் பதில் சொல்கிறார்கள். பிளேக்கியின் டிரம்ஸ் உருண்டு எழும்போது இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

– ஒரு வாசகர்