ராணி அறையைக் கிள்ளினால் போதுமா?

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மழை விட்டதும் தேனீப் பெட்டிகள் பெரும்பாலும் தேறிவிட்டன என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். புது ராணி வளர்க்க ஈக்கள் கட்டும் ராணி அறைகளைக் கண்ட இடத்தில் எல்லாம் கிள்ளிப் போட்டும் ஒரு கூட்டம் பிரிந்து போய்விட்டதே, ஏன் என்று கேட்டிருக்கிறாய். ஈக்களைத் துடைத்துவிட்டுப் பார்க்காவிட்டால் ஒரு அறை எப்படியும் கண்ணில் படாமல் போகும். எல்லாவற்றையும் கிள்ளினாலும் நெரிசல் தீராதவரை மறுபடி கட்டிக்கொண்டேதான் இருக்கும்.

குமரி மாவட்டத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை அடுக்குத் தேனீ பெருகும் காலம். மகரந்தம் தாராளமாக வரும், ராணி ஓயாமல் முட்டையிடும், அடை கட்டிய மரச்சட்டம் முழுக்கப் புழுவும் ஈயுமாக அடைத்துவிடும். ராணியின் உடம்பில் சுரக்கும் மணப்பொருள் ஈக்குஈ கைமாறித்தான் கூடு முழுக்கப் பரவ வேண்டும். நெரிசல் கூடினால் அது அடையின் கீழ் விளிம்புவரை எட்டாது; எட்டாத இடத்தில் ஈக்கள் ராணி அறை கட்டத் தொடங்கிவிடும். ராணிக்கு வயதாகிவிட்டால் சுரப்பதே குறைவு. அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை ராணியை மாற்றச் சொல்கிறார்கள்.

கூட்டம் பிரியுமுன் முதலில் தெரிவது ஆண் ஈ அறைகள். மூடி கூம்பாக, நடுவில் ஊசித்துளையோடு இருக்கும், உனக்குத் தெரியும். அவை பெருகினால் ஏழு நாளைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார். ராணி அறையின் தொடக்கமான காலிக் கிண்ணங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். கிண்ணத்தில் முட்டையோ, பால்போன்ற கூழில் கிடக்கும் புழுவோ இருந்தால் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. 3 நாள் முட்டை, 5 நாள் புழு, எட்டாம் நாள் வாக்கில் அறை மூடப்படும். மூடிய ஓரிரு நாளில் நல்ல வெயில் அடித்தால், பழைய ராணியோடு பாதிக்கு மேற்பட்ட ஈக்கள் வயிறு நிறையத் தேன் குடித்துக்கொண்டு கிளம்பிவிடும். புது ராணி வெளிவருவது 15, 16ஆம் நாள். அறைகள் பல இருந்தால் கன்னி ராணிகளோடு இரண்டாம், மூன்றாம் முறையும் பிரியும். பெட்டியில் கைப்பிடி ஈதான் மிஞ்சும்.

கிள்ளுவதில் இருக்கும் பெரிய ஆபத்து, பழைய ராணி போனது தெரியாமல் கிள்ளுவது. முட்டையும் இளம்புழுவும் தீர்ந்துவிட்ட கூட்டத்தில் ராணி அறையையும் எடுத்துவிட்டால் அது அநாதைதான். ஆகவே முட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் கைவைக்காதே. அடையின் நடுப்பகுதியில் ஒன்றிரண்டு அறை மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது கிழட்டு ராணியை மாற்றும் ஏற்பாடு. அதை விட்டுவிடு.

அவை பிரிவதற்குள் நாமே பிரித்துவிடுவதுதான் நல்லது. ராணி அறையில் புழுவைக் கண்டதும், வெயில் நேரத்தில், ராணி இருக்கும் சட்டம், மூடிய புழு உள்ள சட்டம், தேனும் மகரந்தமும் உள்ள சட்டம் என மூன்றைப் புதுப் பெட்டிக்கு மாற்று. அந்தச் சட்டங்களில் ராணி அறை ஒட்டியிருக்கக் கூடாது. இந்தப் பெட்டியைத் தோட்டத்தின் வேறு மூலையில் வை. வெளியே பறந்து பழகிய ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பதால், இன்னொரு சட்டத்தின் இளம் ஈக்களையும் சேர்த்து இதில் உதறிவிடு. வாசலைக் குறுக்கி, பொழுது சாய்ந்தபின் சரிபங்கு சர்க்கரையும் நீரும் கலந்த பாகு கொடு. பகலில் கொடுத்தால் பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வரும்.

பழைய பெட்டியில் நீளமாக, நேராகத் தொங்கும் ஒரே ஒரு ராணி அறையை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடு. பயந்து இரண்டு மூன்று விடுகிறவர்கள்தான் அடுத்த பிரிவுக்கும் வழி செய்கிறார்கள். ராணி வெளிவந்து, ஒரு வாரத்தில் இணைந்து, அதன்பின் இரண்டு மூன்று நாளில் முட்டையிடும். அதுவரை பெட்டியைக் குடையாதே. மழையிலோ பஞ்சுருட்டான் குருவி வாயிலோ கன்னி ராணி போய்விடுவதும் உண்டு. ராணி வெளிவந்து இரண்டு வாரமாகியும் முட்டை இல்லையென்றால், வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டம் கொடு. தாமதித்தால் வேலைக்கார ஈக்களே முட்டையிடும்: ஒரே அறையில் நாலைந்து முட்டை, அதுவும் பக்கச் சுவரில். அந்தக் கூட்டத்தைப் பிறகு வேறொன்றோடு சேர்ப்பதுதான் வழி.

பிரிந்தது கிளையில் தொங்கினால் அவசரப்படாமல், ஆனால் அன்றைக்கே பிடி. அந்தத் தொங்கலின்மேல் சில ஈக்கள் ஆடுவதை 1949 வாக்கில் தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டவர் ஜெர்மனியின் ம்யூனிக்கில் கவனித்தார். கரியும் செங்கல் தூசியும் அப்பிக்கொண்டு வந்த அவை, வீடு பார்த்துவிட்டு வந்தவை. பின்னாளில் தாமஸ் சீலி என்ற ஆய்வாளர் ஐரோப்பியத் தேனீயில் கண்டது, ஒரே பொந்தில் இருபது முப்பது வேவு ஈக்கள் ஒருசேரக் கூடிவிட்டால் அங்கே குடிபோக முடிவு ஆகிவிடும் என்பது. அதற்குள் தண்ணீர் தெளித்து, கூடையில் உதறி, மாலையில் பெட்டியில் விட்டுவிடு. திறந்த புழு உள்ள ஒரு சட்டத்தை வைத்தால் விட்டுப் போக மனம் வராது. வாசலில் ராணி வெளியேறாத தகட்டை மூன்று நாள் மாட்டலாம். ஆனால் இரண்டாம் பிரிவாக இருந்தால் மாட்டாதே, கன்னி ராணி இணையப் போக முடியாது.

காலியாகிவிட்டது என்று நீ எழுதிய கடைசிப் பெட்டியின் கதை வேறு. ஒரு ஈயும் மிஞ்சவில்லை, ராணி அறையும் இல்லை என்றால் கூட்டம் ஓடிப்போயிருக்கிறது. எறும்பு, மெழுகுப்பூச்சி, தீவனமின்மை, இந்த மூன்றில் எது என்று பழைய அடையைப் பார்த்தால் தெரியும்.

இன்னொன்று. 1991-92இல் புழுக்களைக் கொல்லும் வைரஸ் புழுநோய் தென்னாட்டுப் பெட்டிகளை எப்படித் துடைத்துவிட்டது என்பது நினைவிருக்கும். ராணி அறையை நோய் தாங்கிய, சாந்தமான கூட்டத்திலிருந்தே எடு. வருடா வருடம் பிரிந்துகொண்டே இருக்கும் பெட்டியிலிருந்து வேண்டாம்.

ரப்பர் இலை உதிரத் தொடங்குவதற்குள் பிரித்து முடித்துவிடு. தளிர் விட்டுத் தேன் வரும் மாசியில் இரண்டு பெட்டிக்கும் தேன் சேர்க்க மேலடுக்கு வைக்கலாம். எத்தனை சட்டம் தேறியது என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஜெபமணி