கடன் பதிவில் பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கடன் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வட்டி, தவணைக் காலம், காப்பீடு எல்லாம் விளக்கமாக இருந்தன. ஆனால் கடன் வாங்குபவரின் பெயர் பதிவேடுகளில் எப்படி ஏறுகிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பாலக்கோடு, பென்னாகரம் வட்டாரத்து மக்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் எனக்கு, மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

எங்கள் பக்கத்துப் பெயர்களைப் பாருங்கள். மாதேஸ்வரன் மலைச் சாமியை நினைத்து வைத்த பெயர்கள் இங்கே ஏராளம்: மாதையன், மாதப்பன், மாதேஷ், பெரியமாது, சின்னமாது, மாதம்மாள். மாதப்பன் மகன் மாதையன் என்று ஒரே ஊரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய பழைய கிரயப் பத்திரத்தில் 'மாதையன் என்கிற சின்னப்பையன்' என்று இருக்கும். பட்டாவில் வெறும் மாதையன், தகப்பன் பெயர் தனியாக. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியல் செல்லாது என்பதால் தகப்பன் பெயர் முழுதாக விரிந்து அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். இத்தனையையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், அங்கே கணினி முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்களைக் காட்டுகிறது. ஒற்றை எழுத்தைக் கட்டம் ஏற்காவிட்டால் அதே எழுத்தை இருமுறை தட்டிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுகிறார்கள். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீடு, மனையை ஈடாக வைத்து வாங்கும் கடன் இரண்டு இடங்களில் பதிவாகிறது. ஒன்று சார்பதிவாளர் அலுவலகம். சொத்துப் பத்திரத்தை வங்கியில் ஈடாக ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணம் அங்கே பதிவானால் வில்லங்கச் சான்றில் தெரியும். வில்லங்கத்தைக் கிராமம், சர்வே எண் கொண்டு தேடுவதால் பெயரில் சிறு பிழை இருந்தாலும் பதிவு கண்ணில் பட்டுவிடும். இன்னொன்று 2011 முதல் இயங்கும் செர்சாய் என்ற, நாடு முழுவதுக்குமான அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவகம். அங்கே சொத்தைக் கொண்டும் தேடலாம், கடனாளியின் பெயரைக் கொண்டும் தேடலாம். பெயரில் தேடும்போதுதான் சிக்கல். கடன் கட்டாதவரின் ஈட்டுச் சொத்தை நீதிமன்ற வழக்கு இல்லாமலே கையகப்படுத்த வங்கிகளுக்கு வழிசெய்யும் சர்பாசி சட்டத்தில் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பிரிவுகளின்படி, செர்சாயில் பதியாத கடன் நிறுவனம் அந்தச் சட்டப்படி சொத்தைக் கையகப்படுத்த முடியாது. பதிந்த நிறுவனத்துக்கு அரசு வரி பாக்கிக்கும் முன்னுரிமை உண்டு. விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது வேறு விஷயம். இவ்வளவு கனமுள்ள ஒரு பதிவில் பெயரை மட்டும் ஏனோதானோ என்று தட்டிவிடுகிறார்கள்.

பென்னாகரம் பக்கத்துப் பெண்மணி ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கணவர் இறந்த பிறகும் வீட்டுக் கடனைத் தவணை தவறாமல் கட்டி முடித்தார். அசல் பத்திரங்கள் கைக்கு வந்தன. மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்க ஏற்பாடு செய்தபோது, வாங்க வந்தவருக்குக் கடன் தரவிருந்த வங்கி, செர்சாயில் அடமானம் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டது. பழைய கடன் நிறுவனத்தில் கேட்டால், அந்தப் பெயரில் எதுவும் பாக்கி இல்லை என்றார்கள். பதிவை அச்செடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். மாதம்மாள் என்ற பெயர் ஆங்கிலத்தில் கடைசி 'எல்' இல்லாமல் ஏறியிருந்தது. கணவர் பெயரின் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், கல்யாணத்துக்கு முன் இருந்த தகப்பனார் இனிஷியல். கடன் முடிந்தபோது ஆதாரில் உள்ள பெயரைப் போட்டுத் தேடிய ஊழியருக்கு அந்தப் பதிவு அகப்படவில்லை, அதோடு விட்டுவிட்டார். திருத்தம் வருவதற்குள் வாங்க வந்தவர் முன்பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடன் தீர்ந்த 30 நாளுக்குள் கடன் கொடுத்த நிறுவனம் அசல் ஆவணங்களைத் திருப்பித் தரவேண்டும், எந்தப் பதிவகத்தில் பதிந்திருந்தாலும் அந்த அடமானப் பதிவையும் நீக்க வேண்டும், தன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் அது நடப்பில் உள்ளது. பத்திரம் கைக்கு வந்தால் எல்லாம் முடிந்தது என்று நம் மக்கள் நினைத்துவிடுகிறார்கள். அந்த உத்தரவின் இரண்டாம் பாதியையும் கேட்டு வாங்க வேண்டும்.

பெயர்ப் பிழையின் மறுபக்கமும் ஆபத்தானது. தேடியும் அகப்படாத அடமானத்தின் மேல் இன்னொருவர் கடன் கொடுத்துவிடுவார். அல்லது ஊரில் உள்ள இன்னொரு மாதையனின் கடன், எதுவும் அறியாத மாதையன் தலையில் விழும். கம்பெனிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் இருக்கிறது. தனி மனிதர்கள்தான் அவதிப்படுகிறோம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கடுமையான ஒழுங்கு உண்டு. இயந்திரம், சரக்கு போன்றவற்றை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுப்பவர் அதை மாநிலப் பதிவேட்டில் பதிய வேண்டும். சரியான பெயரைப் போட்டு வழக்கமான முறையில் தேடும்போது அந்தப் பதிவு வெளிவராவிட்டால், பதிவே செல்லாது. கான்சாஸ் மாநில விவசாயி ஒருவரின் முழுப் பெயருக்குப் பதிலாக, கூப்பிடும் சுருக்கப் பெயரில் பதிந்த இயந்திர நிறுவனம் 2004-இல் வழக்கில் தோற்றது. புளோரிடாவில் ஒரு வங்கி, கம்பெனியின் பெயரில் இருந்த 'புலவார்டு' என்ற சொல்லைச் சுருக்கி எழுதிவிட்டது. 2022-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பதிவு செல்லாது என்று தீர்த்தது. எந்தப் பெயர் சரியான பெயர் என்ற சண்டையைத் தீர்க்கவும் வழி செய்திருக்கிறார்கள். 2013 ஜூலையிலிருந்து பெரும்பாலான மாநிலங்களில், ஓட்டுநர் உரிமம் உள்ளவருக்கு அதில் உள்ள பெயரே பதிவுக்கான பெயர்.

அங்கே பிழையின் நஷ்டம் எழுதியவரைச் சேர்கிறது; அதனால் எழுதியவர் கவனமாக இருக்கிறார். இங்கே எழுதுவது நிறுவனம், அலைவது கடனைக் கட்டி முடித்த குடும்பம். இது அநியாயம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

எந்த அடையாள ஆவணத்தில் உள்ள பெயரைப் பதிய வேண்டும் என்று மத்திய அரசு ஒரே விதியாகச் சொல்ல வேண்டும். அது வரும்வரை இங்கேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செர்சாயில் பெயரை ஏற்றிய உடனே அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கடன் வாங்கியவரிடம் ஆதாரையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டி, அவருடைய கையெழுத்தோ கைரேகையோ பெற்று, ஒரு நகலை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். கடன் முடியும் நாளில் எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்பது அந்தத் தாளில் இருக்கும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆட்சியர் தலைமையில் நடக்கும் வங்கியாளர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன். தங்கள் நிருபர்களும் அந்தக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.